யூஸியின் ரெட்டைவாய்க் கோடரி

உலகத்தில் இதுவரை அடிக்கப்பட்ட கோடரிகளில் வில்ஹோ தக்கலாவுக்குத் தெரியாமல் அடிக்கப்பட்டது ஒன்றுகூட இல்லை. இதை வில்ஹோவே சொல்லியிருக்கிறார். ஆகவே சந்தேகப்பட இடமில்லை. ஒற்றைவாய்க் கோடரியைக் கடவுள் மனிதர்கள் எல்லோருக்கும் பொதுவாகக் கொடுத்தார் என்றும், அதை வைத்துக்கொண்டு அவர்கள் மரத்தைத் தடவிக்கொண்டிருப்பதைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போய், ரெட்டைவாய்க் கோடரியை அமெரிக்காவில் சுப்பீரியர் ஏரிக்குத் தெற்கே குடியிருக்கிற பின்லாந்துக்காரர்களுக்கு மட்டும் தனியாகக் கூப்பிட்டுக் கொடுத்தார் என்றும் அவர் சொல்வார். பைபிளில் இது இல்லையே என்று கேட்டால், பைபிள் எழுதினவர்கள் ஒருத்தரும் மரம் வெட்டினவர்கள் இல்லை என்பார்.

“என் கண்ணக் கட்டிட்டு ஒரு கோடரியக் கையில குடுங்கவே. எந்த ஊரு, எந்தப் பட்டறை, அடிச்சவன் அன்னைக்குக் காலையில காப்பி குடிச்சானா இல்லியா, அம்புட்டையும் சொல்லுதேன்.”

கோஸ்கி ஊரில் யாரும் அவர் கண்ணைக் கட்டிப் பார்த்ததில்லை. கட்ட வேண்டியது கண் இல்லை என்பது அவர் மனைவி ஹில்யாவின் கருத்து.

ஐம்பத்தேழாம் வருஷம் ஜனவரியில் ஹில்யாவின் வீட்டு மாடியில் யூஸி செத்துப்போனார். ஹில்யா மரம்வெட்டிகளுக்குச் சோறும் படுக்கையும் கொடுக்கிற வீடு நடத்தினாள். மற்றவர்கள் வந்தார்கள், போனார்கள், கல்யாணம் கட்டினார்கள், குடித்துவிட்டு ஏரியில் விழுந்தார்கள். யூஸி மட்டும் முப்பத்தொரு வருஷம் அடுப்படிக்கு நேர்மேலே இருந்த அறையிலேயே இருந்தார். அது அவர் பேரே இல்லை. மரம் வெட்டுகிற முகாமில் பேர் சொல்லாத ஆளுக்கெல்லாம் யூஸி என்றுதான் பேர். சம்பளப் பட்டியலில் இவர் யூஸி பதினொன்று. பின்னிஷ் பேசுவார், ஆனால் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தைக்கு மேல் இல்லை. அதுவும் வெளியூர்க்காரன் பேசுகிற மாதிரி, வார்த்தையின் வால் எல்லாம் மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். சாப்பிடும்போது மூக்கால் ஏதோ ஒரு பாட்டை முனகுவார். மீன் குழம்பாக இருந்தால் கொஞ்சம் சத்தமாக.

கோஸ்கியில் நவம்பருக்குப் பிறகு சாகிறவர்களை உடனே புதைக்க முடியாது. நிலம் நாலடி ஆழத்துக்குக் கல்லாய்க் கிடக்கும். கல்லறைத் தோட்டத்து மேட்டில் கருங்கல்லால் கட்டிய சின்ன அறை ஒன்று உண்டு. குளிர்காலத்துப் பிணங்கள் அதில் பலகைமேல் வரிசையாகப் படுத்து மே மாதத்துக்காகக் காத்திருக்கும். காத்திருப்புக் கொட்டகை என்று சொல்வார்கள். யூஸியோடு சேர்த்து அந்த வருஷம் ஆறு பேர். கொட்டகையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் ஹில்யாவுக்கு, உள்ளே ஆறு பேரும் ரயிலுக்குக் காத்திருக்கிறவர்கள் மாதிரி குளிரில் தோளைக் குறுக்கிக்கொண்டு, ஒருத்தரையொருத்தர் பார்க்காமல் உட்கார்ந்திருப்பது போலத் தோன்றும். மற்ற ஐந்து பேரிடமும் டிக்கெட் இருந்தது. யூஸியிடம் இல்லை.

போதகர் ஹெய்னோனென் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார்.

“பேரு, பொறந்த ஊரு, ஞானஸ்நானம் குடுத்த கோயிலு. மூணுல ஒண்ணாவது வேணும், ஹில்யாம்மா. ஒண்ணுமில்லாம நான் எந்தப் புஸ்தகத்துல எழுத?”

“யூஸின்னு எழுதுங்கய்யா.”

“ஏற்கெனவே எட்டு யூஸி எழுதியாச்சு. மேலிடத்துல கேள்வி கேக்கான். இனிமே அப்படி வந்தா கவுண்டி நெலத்துக்குத்தான் போகணும்.”

கவுண்டி நிலம், அதாவது அநாதைப் பிணங்களுக்கு அரசாங்கம் ஒதுக்கின இடம், சதுப்புக்கு அந்தப் பக்கம், வேலிக்கு வெளியே இருந்தது. அங்கே சிலுவை கிடையாது, கல் கிடையாது. ஓர் இரும்புக் கம்பி, அதன் தலையில் ஒரு எண். அடுத்த எண் ஐம்பத்துநாலு.

“முப்பத்தொரு வருஷம் என் கையால சாப்பிட்ட மனுசன் அம்பத்திநாலா?” என்று வீட்டுக்கு வந்து ஹில்யா கேட்டாள். கேட்டது வில்ஹோவிடம் இல்லை, ரொட்டி மாவிடம். மாவு அன்றைக்கு வழக்கத்தைவிட நன்றாகவே பிசைபட்டது.

யூஸியின் பெட்டியில் இரண்டு சட்டை, ஒரு சவரக் கத்தி, ஒரு வாய் ஆர்கன். ஒரு கடிதம்கூட இல்லை. கட்டிலுக்கு அடியில், எண்ணெய் ஊறின கம்பளிக் காலுறைக்குள், கொழுப்பும் கறுப்பும் படிந்த ஒரு ரெட்டைவாய்க் கோடரி இருந்தது. அவர் வேலைக்குக் கொண்டுபோன கோடரி வேறு. அது முகாமில் இருந்தது. அதை எல்லோருக்கும் தெரியும். இதை யாரும் பார்த்ததே இல்லை.

சனிக்கிழமை சாயங்காலம் வில்ஹோ முகாமிலிருந்து வந்தார். அங்கே அவருக்கு ரம்பங்களுக்கு அரம் போடுகிற வேலை. வாரம் முழுக்க ரம்பப் பல்லோடு மட்டும் பேசிக்கொண்டிருந்துவிட்டு வருவதால் சனிக்கிழமை ராத்திரிக்குள் ஆறு நாள் பேச்சையும் பேசி முடித்தாக வேண்டும். ஹில்யா கோடரியை அடுப்படி மேசைமேல் வைத்தாள்.

“இது எந்த ஊர்க் கோடரின்னு சொல்லுங்க. கோடரி எங்கேருந்து வந்துச்சோ அங்கேருந்துதான அந்த மனுசனும் வந்திருக்கணும்.”

வில்ஹோ கையைக் கழுவினார். கோட்டைக் கழற்றினார். டாக்டர் மாதிரி ஒரு தடவை இருமினார். அந்த நேரம் பார்த்து ஆர்வி நிஸ்கலா உள்ளே வந்தான். ஆர்விதான் கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டுகிறவன். நிலம் இறுகிக் கிடக்கிற மாதங்களில் வேலை இல்லாததால் வீடு வீடாகப் போய்க் காப்பி குடிப்பான்.

“வா வே, வா. ஒக்காந்து பாரு. இனிமே இப்படி ஒண்ண நீ பாக்கப்போறதில்ல.”

“போன வாரமும் இதத்தான சொன்னீரு. அன்னைக்கு ஒம்ம கொட்டாவியக் காட்டினீரு.”

வில்ஹோ அதைக் காதில் வாங்கவில்லை. கோடரித் தலையைக் காம்போடு தூக்கி விரல்முட்டியால் தட்டினார். காதை ஒட்டவைத்துக் கேட்டார். மோந்து பார்த்தார். பிறகு நாக்கை நீட்டி இரும்பை ஒரு நக்கு நக்கினார். ஆர்வி காப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டான்.

“என்னண்ணே, உப்பு சரியா இருக்கா?”

“சும்மா கெட.” ஒரு வாயை எடுத்துத் தன் முன்கைமேல் வைத்து மெதுவாக இழுத்தார். மயிர் சத்தமில்லாமல் உதிர்ந்தது; பனியில் நரி நடந்துபோன தடம் மாதிரி தோலில் ஒரு வெள்ளைப் பாதை விழுந்தது. வில்ஹோவின் முகம் மாறிவிட்டது. விளக்குக்கு நேரே பிடித்து அந்த வாயையே பார்த்தார். “ஏட்டி ஹில்யா,” என்றார் கடைசியில். “இத அடிச்சவன் ராஜாட்டி. கொல்லன் இல்ல. ராஜா.”

“அந்தப் பக்கத்து வாயி?” என்றாள் ஹில்யா.

அவர் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். “மொக்கை. இருக்க வேண்டியதுதான. அது கணு வாயி.”

இதைக் கோஸ்கியில் யாரும் விளக்க வேண்டியதில்லை. ரெட்டைவாய்க் கோடரி வைத்திருக்கிறவன் ஒரு வாயை மரத்தைச் சாய்ப்பதற்காகச் சவரக்கத்தி மாதிரி தீட்டுவான். இன்னொரு வாயைக் கணுவுக்கும் வேருக்கும் தரையை ஒட்டின வேலைக்கும் தடிப்பாக விட்டுவைப்பான். மொக்கை வாயை யாரும் திரும்பப் பார்ப்பதில்லை. வில்ஹோவும் பார்க்கவில்லை.

“மேற்குக் கடலோரம்,” என்று தீர்ப்புச் சொன்னார். “வாஷிங்டன் மாநிலம். நீளமா இருக்கு பாரு. பெரிய மரத்துக்குள்ள ஆழமாப் போறதுக்குச் செஞ்சது. யூஸி அந்தப் பக்கத்து ஆளு. சத்தியம்.”

“முத்திரை ஒண்ணுமில்லியே அண்ணே,” என்றான் ஆர்வி.

“முத்திரை எதுக்குவே? முத்திரையப் பாத்துச் சொல்லுததுக்கு நான் எதுக்கு, பள்ளிக்கூடத்துப் பய போதும்.”

“பேரு போட்டிருந்தா இந்தப் பாடே இல்லியே. நான் அதனாலதான் எல்லாத்துலயும் போட்டு வச்சிருக்கேன்.”

அது உண்மை. ஆர்வி தன் மண்வெட்டியில், கடப்பாறையில், வாளியில், சவுனா என்கிற நீராவிக் குளியலறையில் குந்துகிற முக்காலியில்கூடப் பேர் போட்டிருந்தான். அவன் கோடரிக் காம்பில் பழுத்த கம்பியால் சுட்டு எழுதியிருந்தது: ஆர்வி நிஸ்கலா, கோஸ்கி, லைன் 42, இரண்டு மணி. ஊரின் அந்தப் பக்கத்து எட்டு வீட்டுக்கும் ஒரே டெலிபோன் கம்பி. இரண்டு முறை அடித்தால் ஆர்வி வீடு; மூன்று முறை அடித்தால் தக்கலா வீடு.

வில்ஹோ சிரித்த சிரிப்பில் கோடரி மேசைமேல் அதிர்ந்தது. “டெலிபோன் நம்பரு! ஏட்டி, கேட்டியா? கோடரிக்குப் போன் பண்ணி, ‘என்னப்பா, சாப்பிட்டியா’ன்னு கேக்கப்போறானுவ. சின்னப் புள்ளைக கையுறையில அம்மாக்காரி பேரு தைச்சு வுடுவாள்லா, அது மாதிரி! நெசமான கோடரிக்காரனுக்குப் பேரு எதுக்குவே? கோடரியப் பாத்தா ஆளு தெரியணும்.”

“தெரிஞ்சா சரி,” என்றான் ஆர்வி. ஏலக்காய் ரொட்டியில் இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டான்.

ஹில்யா இறைச்சிக்கடைத் தாளை விரித்து, அதன்மேல் கோடரியைப் படுக்கவைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்தாள். தூங்குகிற குழந்தையின் கையைச் சுற்றி வரைவது மாதிரி இருந்தது. வில்ஹோவுக்கு ஆங்கிலத்தில் பேச வரும், எழுத வராது. அவர் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள்: இது உங்கள் ஊர்க் கோடரி. இதை அடித்தவன் ராஜா. அவன் பேர் என்ன, இதை வாங்கிக்கொண்டு போனவன் பேர் என்ன என்று உடனே தெரிவிக்கவும். வில்ஹோ தக்கலா, கோடரி நிபுணர்.

“நிபுணர்னு எழுதணுமா?”

“எழுதுட்டி. அப்பத்தான் பயப்படுவான்.”

மேற்குக் கடலோரத்துக்காரர்கள் பயப்படவில்லை. பிப்ரவரிக் கடைசியில் பதில் வந்தது: எங்களுடையது அல்ல, இது எங்கள் ஊரைவிட வயதானது போலிருக்கிறது. வில்ஹோ அதை வாங்கி இரண்டு முறை தலைகீழாகப் பார்த்தார். “பொறாமை,” என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே பென்சில்வேனியா என்று சத்தியம் செய்தார். ஹில்யா இன்னொரு தாளை விரித்தாள்.

அந்த மாதங்கள் ஹில்யாவுக்குத் தூக்கமும் விழிப்பும் சேராத ஒரு மாதிரிக் கழிந்தன. பனி ஜன்னலின் பாதிவரை ஏறிவிட்டிருந்தது. பகல் வெளிச்சம் பனிக்குள் புகுந்து நீலமாகிப் பிறகுதான் அடுப்படிக்கு வந்தது. ஏரிக்கு அடியில் சமைப்பது மாதிரி இருந்தது. மேலே வேறொரு ஆள் குடிவந்தாயிற்று. ஆனாலும் மாடிப்படி கிரீச்சிடும்போது கை தானாக யூஸியின் தட்டை எடுத்தது. தரை ஈரம் பட வேண்டாமே என்று கோடரியை யூஸியின் நாற்காலியில் வைத்திருந்தாள். சாப்பிட வந்தவர்கள் அதை எடுக்காமல் சுற்றி உட்கார்ந்தார்கள். ஒருத்தன் அதனிடம் உப்பு கேட்டான்; கேட்ட பிறகுதான் அவனுக்கே தெரிந்தது. மீன் குழம்பு வைத்த அன்று, குழம்பு கொதிக்கிற சத்தத்துக்குள் அந்த மூக்குப் பாட்டு இருப்பது போல ஹில்யா அடுப்பின்மேல் குனிந்து கேட்டாள். மூடியைத் திறந்ததும் நின்றுவிட்டது.

ஒரு சனிக்கிழமை வில்ஹோ கோடரியைச் சவுனாவுக்குத் தூக்கிக்கொண்டு போனார். சூட்டில் உருக்கு பேசும் என்றார். மேல்பலகையில் அவர், ஆர்வி, கோடரி என்று வரிசையாக இருந்தார்கள். கல்லில் தண்ணீர் விழுந்து ஆவி எழும்பி, ஒருத்தருக்கொருத்தர் முகம் மறைந்து, வெறும் குரலாக ஆனார்கள். துண்டு கொண்டுவந்த ஹில்யா கதவுக்கு வெளியே நின்று கேட்டாள்.

“பேசுச்சா அண்ணே?”

“பேசுது, பேசுது. பிரெஞ்சு மாதிரி இருக்கு, புரியல.”

அன்றைக்கு அதை எல்லோரும் விளையாட்டு என்றே நினைத்தார்கள், வில்ஹோ உட்பட.

ஏப்ரலில் பென்சில்வேனியாவின் பதில் வந்தது. எங்களுடையது அல்ல, ஆனால் எங்கள் கிழட்டுச் சாணைக்காரர் உங்கள் படத்தைப் பார்த்தார். ஓரம் இப்படி வளைந்து வருவது மேன் மாநிலத்துப் பழக்கம் என்கிறார், அங்கே கேட்டுப் பாருங்கள் என்று எழுதியிருந்தது.

“மேன்,” என்றார் வில்ஹோ. “அதத்தான நான் முதல்லேருந்தே சொல்லுதேன்.”

“மேன்ல அம்பது பட்டறை இருக்கும்,” என்றாள் ஹில்யா.

“எல்லாத்துக்கும் எழுது.”

ஏரியில் பனிக்கட்டி விரிசல் விடத் தொடங்கியிருந்தது. பகலில் தூரத்தில் பெரிய கதவை யாரோ இழுத்துச் சாத்துகிற மாதிரி ஒரு சத்தம் வரும். வெகுநேரம் கழித்து இன்னொன்று. ஆர்வி தன் பேர் போட்ட கடப்பாறையைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தான்.

“ஒரு அடி எறங்குதுக்கா. இப்படியே போனா மே பத்துக்குள்ள குழி வெட்டிப்புடலாம். கவுண்டி வண்டிக்காரன் பத்தாந்தேதி வருதேன்னு சொல்லிட்டான்.” தரையைப் பார்த்தான். “கம்பியும் வந்துட்டு. பெயிண்டு அடிச்சு, நம்பரு போட்டு.”

“அம்பத்திநாலா?”

“அம்பத்திநாலு.”

அன்று ஹில்யா ஒரு காரியம் செய்தாள். கரி பிடித்த கெட்டில், துருவேறின மீன்சட்டி எதுவானாலும் அவளுக்கு ஒரே வைத்தியம்தான். வாரக்கணக்கில் புளித்துக் கிடந்த மோரை ஒரு வாளியில் ஊற்றினாள். கோடரியின் காம்பைக் கழற்றித் தலையை மட்டும் வாளிக்குள் இறக்கினாள். கொழுப்பு மேலே மிதந்து வந்தது. இரண்டு நாள் அப்படியே விட்டாள்.

சனிக்கிழமை வில்ஹோ வந்ததும் வாளியைப் பார்த்தார், வாளிக்குள்ளும் பார்த்தார்.

“ஏட்டி, இது என்ன?”

“மோரு.”

“மோருக்குள்ள?”

“கோடரி.”

“ராஜா அடிச்ச கோடரி! அதப் போயி மோருல ஊறப்போட்டிருக்கியா? பச்சடி பண்ணப்போறியா? கேட்டா நாலு பேரு காறித் துப்புவானுவ!”

“துப்பட்டும். அப்பவும் தொடச்சுக்கிடலாம். மோரு இன்னும் பாக்கி இருக்கு.”

அவள் தலையை வெளியே எடுத்துச் சாம்பல் தொட்டுத் தேய்த்து, சுடுதண்ணீரில் கழுவி, ஜன்னலோரம் கொண்டுபோனாள். முப்பது வருஷத்துக் கறுப்பு போயிருந்தது. இரும்பு மழைக்கு முந்தின மேகத்தின் நிறத்தில் இருந்தது. தீட்டின வாயை ஒட்டி, கரையில் அலை வந்து திரும்பின தடம் மாதிரி நெளிநெளியாக ஒரு கோடு ஓடியது. கோட்டுக்கு இந்தப் பக்கம் மிருதுவான பச்சிரும்பு. அந்தப் பக்கம் கூர் தாங்குகிற உருக்கு. இரண்டும் ஒட்டின இடம் ஒரு மயிரளவுகூடப் பிசகவில்லை. வில்ஹோ திட்டுவதை மறந்து குனிந்தார்.

“பாத்தியா, பாத்தியா... நான் சொல்லலியா, ராஜா...”

ஹில்யா கோடரியைத் திருப்பினாள். மொக்கை வாயில் கோடு இல்லை. மேகம் அப்படியே விளிம்புவரை போய் முடிந்தது.

வில்ஹோ அரத்தை எடுத்து மொக்கை வாயில் ஒரே ஒரு இழுப்பு இழுத்தார். அரம் வெண்ணெயில் போவது மாதிரி போயிற்று. அவர் அரத்தைக் கீழே வைத்தார்.

“இதுல உருக்கே வைக்கல.”

“அப்படின்னா?”

“இது கணு வாயி இல்லட்டி. வாயே இல்ல. வெறும் பச்சிரும்பு. ஒரு வெட்டு வெட்டினா மடங்கிப்போவும். இத எந்தப் பட்டறையும் விக்காது. எந்தப் பயலும் வாங்க மாட்டான்.” நாற்காலியில் உட்கார்ந்தார், அது யூஸியின் நாற்காலி என்பதைக் கவனிக்கவில்லை. “மூணு மாசமா என் கையில இருக்கு. இந்தப் பக்கம் ஒரு தடவ அரத்தப் போட்டுப் பாக்கத் தோணல பாரு.”

காம்பு நுழைகிற ஓட்டைக்குப் பக்கத்தில், கறுப்பு போன இடத்தில் சின்னச் சின்னக் குழிகள் தெரிந்தன. ஹில்யா விரலால் எண்ணினாள். ஏழு புள்ளி, பிறை மாதிரி வளைந்து.

“பேரு போட்டிருக்காரே,” என்றாள்.

வில்ஹோ பதில் சொல்லவில்லை. அவரைக் கல்யாணம் கட்டின முப்பத்திரண்டு வருஷத்தில் ஹில்யா கேட்ட மிக நீளமான மௌனம் அது. ரொட்டி வேகும் நேரம் இருந்தது.

பிறகு அவரே சொன்னார்: “தாளு எடு. மோரு ஊத்தின கதையையும் எழுது. ஒரு வாயி பச்சிரும்புன்னு எழுது. புள்ளி ஏழையும் அளந்து வரையி. நிபுணர்னு போடாத.”

“அடிச்சவன் ராஜாங்கிறத எடுத்துரவா?”

அவர் கோடரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்த நெளிகோட்டின்மேல் விரலை ஓட்டினார். “அது இருக்கட்டும். அது பொய்யில்ல.”

அதே கடிதத்தை ஹில்யா ஒன்பது பிரதி எழுதினாள். மேன் மாநிலத்தில் கோடரி அடிக்கிற ஊர் என்று தபால்காரருக்குத் தெரிந்த ஒன்பது ஊருக்கும் தபால் அதிகாரி பேருக்கு அனுப்பினாள், தபாலாபீஸ் சுவரில் ஒட்டிவைக்கச் சொல்லி. ஆர்வியின் கடப்பாறை இரண்டடி இறங்கியது. மூன்றடி இறங்கியது. காத்திருப்புக் கொட்டகையிலிருந்து ஒவ்வொருவராகப் போகத் தொடங்கினார்கள். மூடுபனி ஏரியிலிருந்து ஏறிவந்து ஊர்வலத்தை விழுங்கிவிடும். பாட்டு மட்டும் கொஞ்சநேரம் மேட்டில் நடந்துபோகும். மே எட்டாந்தேதி கொட்டகையில் யூஸி மட்டும் மிச்சமிருந்தார்.

எட்டாந்தேதி மத்தியானம் ஹார்லன் மில்ஸ் என்கிற ஊரிலிருந்து கடிதம் வந்தது. ஹில்யா அதை வாசல்படியிலேயே உட்கார்ந்து படித்தாள். மண்ணிலிருந்து குளிர் ஏறுவது தெரியவில்லை.

‘நீங்கள் தபாலாபீஸில் ஒட்டச் சொன்ன தாளைப் பார்த்தேன். பிறை என் தம்பியின் குறி. எங்கள் பட்டறையில் ஒவ்வொரு ஆளும் தன் குறியைத் தானே அடித்துக்கொள்வான். பையன் முதன்முதலாகத் தனியாக அடிக்கிற கோடரிக்கு ஒரு வாயில் மட்டும்தான் உருக்குக் கொடுப்பார்கள். உருக்கை வீணாக்கிவிடுவான் என்று. அதை விற்பதில்லை. மேஸ்திரி பார்த்து, சரி என்று தலையாட்டினால் அடுத்த கோடரிக்கு இரண்டு வாய்க்கும் உருக்குக் கிடைக்கும். மேஸ்திரி எங்கள் அப்பா. அவர் அதைப் பார்த்துவிட்டு, பாதிக் கோடரி, நீயும் பாதி ஆள்தான் என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். மறுநாள் காலையில் தம்பியும் இல்லை, கோடரியும் இல்லை. அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்திரண்டு. பேர் ஒனேசிம் காரோன்; நாங்கள் வீட்டில் பிரெஞ்சு பேசுகிறவர்கள். செயின்ட் ஆன் கோயிலில் ஞானஸ்நானம். உங்களிடம் இருந்தவர் அவன்தானா, இல்லை கோடரி கைமாறி வந்ததா என்று எனக்குத் தெரியாது. சம்மட்டி பிடிக்கிறவனுக்கு இடது கையில், மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை பொறி விழுந்த வெள்ளைத் தழும்புகள் இருக்கும். அவனுக்குச் சுண்டுவிரலின் நுனியும் இல்லை. சாப்பிடும்போது முனகுவான், அதற்காக அம்மாவிடம் அடி வாங்குவான். அடித்தவன் ராஜா என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியை மட்டும் கத்தரித்து எடுத்துக்கொண்டேன், மன்னிக்கவும். அப்பாவின் கல்லறைக்குக் கொண்டுபோய்ச் சத்தமாகப் படித்துவிட்டு வந்தேன். ரோஸன்னா.’

ஜனவரியில் யூஸியைக் கடைசியாகக் குளிப்பாட்டினவள் ஹில்யாதான். இடது கையில் மாவு தெறித்த மாதிரி வெள்ளை வெள்ளையாக இருந்தது. அம்மைத் தழும்பு என்று நினைத்து, அதைத் தேய்க்காமல் மெதுவாகத் துடைத்தாள். சுண்டுவிரலை எந்த மரம்வெட்டியும் முழுதாக வைத்திருப்பதில்லை. அதனால் அதை அவள் கவனிக்கவே இல்லை. இப்போது அந்தக் கையைத் தன் கைக்குள் மறுபடியும் உணர்ந்தாள்.

டெலிபோனில் முகாமைக் கூப்பிட்டு வில்ஹோவை வரச் சொன்னாள். முகாம் எழுத்தர் ரம்பக் கொட்டகைக்கு ஓடிப்போய்க் கூட்டிவந்தார்.

“ஒனேசிம் காரோன்,” என்றாள் ஹில்யா.

“யாரு?”

“யூஸி.”

அதே கம்பியில் இருந்த எட்டு வீட்டில் குறைந்தது ஐந்து வீடாவது மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது.

“அவருதானா அடிச்சது?” என்றார் வில்ஹோ.

“அவருதான்.”

“எங்கூட முப்பத்தொரு வருஷம் ஒரே மேசையில இருந்தாரேட்டி. அவரு முன்னாலயே எத்தன தடவ கோடரியப் பத்திப் பேசியிருப்பேன்.”

“எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தாரு.”

“ஒரு நாளாவது சிரிச்சாராட்டி?”

ஹில்யா யோசித்தாள். “சில நாளு பாட்டு கொஞ்சம் சத்தமா வரும்.”

ஹில்யா தந்தி அடித்துக் கேட்டதற்கு அன்று சாயங்காலமே செயின்ட் ஆன் கோயிலிலிருந்து பதில் தந்தி வந்து சேர்ந்தது. போதகர் ஹெய்னோனென் அதைப் படித்துவிட்டு, “கத்தோலிக்கரா?” என்றார். நாலு மாதமாக லூத்தரன் சபைக் கொட்டகையில் ஒரு கத்தோலிக்கரைச் சும்மா படுக்கவைத்திருந்தது தெரிந்ததில் அவருக்குக் கொஞ்சம் சங்கடம். எதிர்மேட்டில் இருந்த கத்தோலிக்கக் கோயிலின் பாதிரியாரிடம் அவரே நடந்துபோய்ச் சொன்னார். பத்தாந்தேதி கவுண்டி வண்டி வந்தது. ஆர்வி அதைத் திருப்பி அனுப்பினான். ஐம்பத்துநாலாம் நம்பர் கம்பியை வண்டிக்காரன் பின்பக்கம் போட்டுக்கொண்டு போனான். குலுங்கிக் குலுங்கிச் சதுப்புவரை அதன் சத்தம் கேட்டது.

எதிர்மேட்டில் ஈர மண்ணின் வாசம் எழும்பியது. ஆர்வி அங்கே வேற்றுக்கோயில் மண்ணில் குழி வெட்டினான். மண் ஒன்றுதான், ஆனால் கல் அதிகம் என்று புகார் சொன்னான். பாதிரியார் படித்த லத்தீன் யாருக்கும் புரியவில்லை. ஆனால் சிலுவையில் வெள்ளைப் பெயிண்டில் இருந்த பேரை எல்லோரும் ஒரு முறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார்கள். வேற்றுக்கோயில் மண்ணில் கால்வைக்கத் தயங்கி வேலிக்கு வெளியே கப்பிக் கல்லில் நின்றிருந்த வில்ஹோ தொப்பியைக் கழற்றிவிட்டு, தவறாக உச்சரித்து, மறுபடியும் சொன்னார்.

கோடரியை ரோஸன்னா கேட்கவில்லை. ஹில்யாதான் அதைக் கம்பளிக் காலுறைக்குள் போட்டுக் கட்டினாள். தபாலாபீஸில் உள்ளே என்ன என்று கேட்டதற்கு வில்ஹோ, “ஒரு ஆளு,” என்றார். அதற்குமேல் விளக்கம் சொல்லவில்லை. தபால்காரர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரைப் பார்த்தார். உடம்புக்கு ஏதும் முடியலியோ என்று அன்று ஊரில் இரண்டு மூன்று பேர் ஹில்யாவிடம் விசாரித்தார்கள்.

மே மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை. ஏரி நீலமாகிவிட்டது. ஜன்னலைத் திறந்துவைத்து ஹில்யா மாவு பிசைந்துகொண்டிருந்தாள். விறகுக் கொட்டகையிலிருந்து டிக், டிக் என்று ஒரு சத்தம் விட்டு விட்டு வந்தது. மரங்கொத்தி என்று நினைத்தாள். மரங்கொத்தி இவ்வளவு யோசித்து யோசித்துக் கொத்தாதே என்று தோன்றவும் மாவுக் கையோடு போய்ப் பார்த்தாள்.

வில்ஹோ வெட்டுமரத்தின்மேல் தன் ரெட்டைவாய்க் கோடரியைப் படுக்கவைத்திருந்தார். ஒரு கையில் கூர்ஆணி, ஒரு கையில் சின்னச் சுத்தியல். கண்ணாடி மூக்கு நுனியில். காம்பு ஓட்டைக்குப் பக்கத்தில் புள்ளி புள்ளியாக எழுத்து ஓடியிருந்தது. வில்ஹோ தக்கலா. அதற்குக் கீழே, கோஸ்கி. அதற்குக் கீழே இடம் மிச்சமிருந்தது. எழுத்து கோணல்மாணலாக இருந்தது. ஆங்கில எழுத்தில் ஒன்று திரும்பி நின்றது.

அவள் நிழல் விழுந்ததும் அவர் நிமிரவில்லை.

“ஏட்டி.”

“என்ன?”

“நம்ம லைனு நம்பரு என்ன?”

ஹில்யா கதவில் சாய்ந்துகொண்டாள். சிரிக்கவில்லை.

“நாப்பத்திரெண்டு.”

நாலு விழுந்தது, கொஞ்ச நேரம் கழித்து இரண்டு விழுந்தது. அவர் ஊதித் துடைத்தார்.

“நமக்கு எத்தன மணி?”

“மூணு,” என்றாள்.

அவர் ஆணியைச் சரிபார்த்து வைத்தார். டிக். டிக். டிக்.